பென்ஷன் தயவு இல்லை, உழைச்ச காசு



மேட்டூர்த் தண்ணி வந்து குறுவை வேலை தொடங்கும்போது, நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் உழவுக்கும் நடவுக்கும் முதல் காசு மாமியாரின் குடும்ப பென்ஷனிலிருந்துதான் வரும். "அரசாங்கத்துக்கு வருமானம் இல்லை, இந்த மாசம் முழுசாத் தர முடியாது" என்று சொல்லிவிட்டால்? 2020-ல் ஆந்திராவில் அப்படித்தான் நடந்தது.

என்ன நடந்தது?

கொரோனா ஊரடங்கால் வருமானம் குறைந்தது என்று ஆந்திர அரசு 2020 மார்ச் 31-ல் ஓர் அரசாணை போட்டது. சம்பளத்திலும் பென்ஷனிலும் ஒரு பகுதியைப் பிறகு தருவதாகச் சொன்னது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியான ஒரு அம்மா, உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நிறுத்திய பணத்தை 12 சதவீத வட்டியோடு கொடுக்கும்படி 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

அரசு உச்ச நீதிமன்றம் போனது. "அசலைத் தருகிறோம், வட்டி வேண்டாம்" என்றது. 2021 பிப்ரவரி 8-ல் உச்ச நீதிமன்றம் வட்டியை 6 சதவீதமாகக் குறைத்தது. ஆனால் வட்டியே வேண்டாம் என்று விடவில்லை.

நம்ம குழுக் கணக்கில் பார்த்தால் 6 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் 50 காசு. 10,000 ரூபாயை 10 மாதம் நிறுத்தி வைத்தால் 500 ரூபாய் வட்டி.

எந்தச் சட்டப்படி?

பென்ஷன் அரசு இஷ்டப்பட்டால் தரும் தருமம் இல்லை, அது சொத்து போன்ற உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளாவிலும் 2020 ஏப்ரலில் சம்பளத்தைத் தள்ளிவைத்த ஆணைக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. உடனே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குத் தடை கிடைக்கவில்லை. அதனால் பணம் குறைந்தால், வெறும் ஆணையா, சட்டமா என்று முதலில் கேட்கணும்.

முதியோர் உதவித்தொகை இதில் வருமா?

வராது. அது வேலை பார்த்ததற்கான பணம் இல்லை, அரசின் நலத்திட்டம். அது நின்றுபோனால் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுக்கணும்.

நாம் செய்ய வேண்டியது

1. மாசாமாசம் பாஸ்புக்கில் வரவு போட்டு வாங்குங்க. எந்த மாசம் எவ்வளவு குறைஞ்சதுன்னு எழுதி வையுங்க.
2. பென்ஷன் புத்தகத்தை நகல் எடுத்துத் தனியா வையுங்க.
3. பணம் குறைந்தால் கருவூலத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. வாய்ப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.
4. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் வருட சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நம்ம மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை.

குழுக் கூட்டத்தில் பேச

நம் குழுவில் யார் வீட்டில் குடும்ப பென்ஷன் வருகிறது? பாஸ்புக் யார் கையில் இருக்கிறது? அந்த அம்மாவுக்கு மாசம் எவ்வளவு வரணும் என்பது அவருக்குத் தெரியுமா?