தாடை மூட்டு வலியா? அக்கா சொல்றதைக் கேளு!

தங்கச்சி, வாயைத் திறந்தா காதுக்கிட்ட 'டக்'னு சத்தம், முறுக்கு கடிச்சா கன்னத்துல வலி, காலையில எழுந்ததும் நெற்றிப்பொட்டுல பாரம். இப்படி இருந்தா காதுலயோ பல்லுலயோதான் கோளாறுன்னு முடிவு கட்டிடாதே. காதுக்கு முன்னாடி விரலை வச்சு வாயைத் திறந்து மூடிப் பாரு. அங்கே அசையுறதுதான் தாடை மூட்டு. சீட்டுல டாக்டர் 'டி.எம்.ஜே'ன்னு எழுதுவாங்க. எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய தட்டு விலகினா சத்தம் வரும். சுத்தியுள்ள தசை இறுகினா வலி வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிடும்.

1. வெறும் சத்தத்துக்குப் பயப்படாதே. வலியில்லை, வாயும் நல்லா திறக்குதுன்னா சிகிச்சை தேவையில்லை. சத்தம் வருதான்னு அடிக்கடி தாடையை அசைச்சுப் பார்க்கிறதை மட்டும் நிறுத்து.

2. பல்லோடு பல் ஒட்டக் கூடாது. சாப்பிடாத நேரத்துல உதடு மூடியிருக்கணும், பற்கள் தொடாம இருக்கணும், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி லேசா படணும். டென்ஷன்ல நம்மை அறியாம பல்லைக் கடிச்சுக்கிட்டே இருப்போம். கண்ணாடியிலும் போன்லயும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்து.

3. தாடைக்கு ஓய்வு கொடு. வலி குறையுற வரை இட்லி, இடியாப்பம், குழைவான சாதம் போதும். சீடை, கரும்பு, சூயிங் கம் வேண்டாம். கொய்யாவைக் கடிக்காம நறுக்கிச் சாப்பிடு. கொட்டாவி வந்தா முகவாய்க்கு அடியில கையை முட்டுக் கொடு. கன்னத்துல கை ஊன்றி உட்காராதே, குப்புறப் படுக்காதே.

4. ஒத்தடம் கொடு. இறுகின தசைக்கு, வெதுவெதுப்பான தண்ணியில பிழிஞ்ச துணியை 15 நிமிஷம் வை. புதுசா சுளீர்னு வலிச்சா, ஐஸைத் துணியில சுத்தி 10 நிமிஷம் வை.

5. மாத்திரையில கவனம். சில நாளைக்குப் பாராசிட்டமால் போதும். அல்சர், கிட்னி பிரச்னை உள்ளவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காம ஐபுபுரூஃபன் போடவே கூடாது.

6. ரெண்டு மூணு வாரத்துல குறையலையா? பல் டாக்டரைப் பாரு. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சா, உன் பல்லுக்கு அச்சு எடுத்து 'நைட் கார்டு' செய்து தருவாங்க. பிசியோதெரபி பயிற்சியும் உதவும். ஆனா, மூட்டு வலி போகணும்னு பல்லை ராவுறது, வரிசையா கேப் போடுறதுன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதே. ராவின பல் திரும்ப வளராது. இன்னொரு டாக்டரிடம் கேட்டுட்டு முடிவெடு. ஆபரேஷன் கடைசி வழிதான்.

தள்ளிப்போடக் கூடாதவை:

- திறந்த வாய் மூடாம மாட்டிக்கிட்டா, நீயா அழுத்தாதே, ஆஸ்பத்திரிக்குப் போ.
- தாடை வலியோட நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தா அது மாரடைப்பா இருக்கலாம். 108-ஐக் கூப்பிடு.
- 50 வயசைத் தாண்டினவங்களுக்குப் புதுசா நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தா அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். ரத்தக்குழாய் வீக்கத்தால பார்வையே போகலாம்.
- மூணு விரல் நுழையுற அளவுக்கு வாய் திறக்கணும். பாக்கு போடுறவங்களுக்கு வாய் திறப்பு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, காரம் பட்டா எரிஞ்சா, அதை மூட்டு வலின்னு விட்டுடாதே. வாய்க்குள்ள சதை இறுகுற அந்த நோய் புற்றுநோயா மாறலாம். பாக்கை உடனே நிறுத்தச் சொல்லி, அவங்களைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

வீட்டுல எல்லாரையும் கவனிக்கிற நீ, உன் வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்காதே. முதல்ல தாடையைத் தளர்த்து, அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஓய்வு கொடு. குறையலைன்னா தயங்காம டாக்டர்கிட்ட போ.