பெத்தாங்: குண்டை எடுக்கும் முன் கூடிப் பேசுங்கள்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் புதுச்சேரியில் பெத்தாங் ஆட்டம் நிற்கவில்லை. மூவர் அணியில் ஆளுக்கு 2 இரும்புக் குண்டு. முதலில் 13 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மூவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ‘கோப்பை நமக்குத்தான்’ என்பது வெறும் ஆசை. எண்ணிப் பார்க்க முடிந்தால்தான் அது இலக்கு.

குறியாகப் போடும் சிறிய மரக்குண்டின் அருகே இரும்புக் குண்டை உருட்டி வைப்பவர் யார், எதிரணிக் குண்டை அடித்துத் தள்ளுபவர் யார்? மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் வரும், எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை. வாய்ச்சண்டை வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 8 மீட்டர் தள்ளி மரக்குண்டை வைத்து, அதைச் சுற்றி ஒரு முழம் விட்டு செங்கல் துண்டால் வட்டம் போடுங்கள். ஆளுக்கு 10 முறை. உள்ளே எத்தனை நின்றன? அடிப்பதற்கும் இதேபோல் தனிக் கணக்கு. மூவரின் கூட்டுத்தொகை 12 என்றால், மாதக் கடைசிக்குள் 16 என்று நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டுக் கணக்கு என்பதால் ஒருவர் தலையில் பழி விழாது.

வாரத்தில் எந்தெந்த மாலை வர முடியும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். கடை வைத்திருப்பவருக்கு ஞாயிறு மாலை ஒத்துவராமல் போகலாம்.