வெடிக்காமல் பார்த்துக் கொண்டவர்கள்



இந்தத் தடவை அறிவியல் பகுதியை என்னை எழுதச் சொன்னார்கள். நான் வெடிமருந்தைப் பற்றி எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், செய்முறை எதுவும் கிடையாது!

இதை எழுதக் காரணம் எங்கள் பெரியப்பா. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியரசு தினத்தன்று தெருவில் கொடியேற்றிய பிறகு பசங்க எல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டு, "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டார்கள். அவர், "நான் யாரையும் சுடலை. குண்டு வச்சிருந்த கிடங்குல வேலை பார்த்தேன்" என்றார். "அப்ப வாட்ச்மேனா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் போய் அந்தப் பதக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வட்டமான வெள்ளி நிறம். விளிம்பில் அவர் எண், பதவி, பெயர் மூன்றும் பொடி எழுத்தில் செதுக்கியிருந்தது. இதற்கு 'மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடல்', அதாவது மெச்சத்தக்க பணிக்கான பதக்கம் என்று பெயர். 18 வருஷம் பணி முடித்து, நல்ல பெயரும் எடுத்த ஹவில்தார்களில் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. "எதுக்குக் குடுத்தாங்க பெரியப்பா?" என்றேன். "ஒண்ணும் நடக்காம பார்த்துக்கிட்டதுக்கு" என்றார். முதலில் விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் இருந்தது ராணுவத் தளவாடப் படை, ஆங்கிலப் பெயர் ஆர்மி ஆர்டனன்ஸ் கோர். 1775 ஏப்ரல் 8-ல் கல்கத்தா வில்லியம் கோட்டையில் அமைத்த தளவாட வாரியம்தான் இதன் ஆரம்பம். சட்டை, பூட்ஸ் முதல் பீரங்கிக் குண்டு வரை ராணுவத்துக்கு வேண்டியதை வாங்கி, காத்து, அனுப்புவது இவர்கள் வேலை. இதிலே குண்டுகளைச் சோதிப்பவர்களுக்கு 'அம்யூனிஷன் எக்ஸாமினர்' என்று பெயர். பெரியப்பா அவர்களோடு வேலை பார்த்தவர்.

குண்டை வாங்கி அடுக்கி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போதாதாம். குண்டும் நம்மைப் போல வயசாகிற பொருள்.

பீரங்கியிலிருந்து குண்டை வெளியே தள்ளும் மருந்து நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளில் செய்வது. நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலையில் 1904 முதல் செய்கிற கார்டைட்டும் இந்த வகைதான். இது சும்மா இருக்கும்போதே மெதுவாகச் சிதையும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வரும். அந்த வாயு திரும்ப மருந்தையே தாக்கி இன்னும் வேகமாகச் சிதைக்கும். வெயில் அதிகமானால் வேகமும் அதிகம். அதனால் செய்யும்போதே டைபீனைலமின் போன்ற ஒரு பொருளைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். அது வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அரிசிப் பானையில் வேப்பிலை போடுகிற மாதிரி. ஆனால் வேப்பிலை காய்ந்தால் வேறு போடலாம், இதை மாற்ற முடியாது. தீர்ந்து போனால் மருந்து தானே சூடேறித் தானே பற்றிக்கொள்ளலாம். எனவே அவ்வப்போது மாதிரி எடுத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். தீரப்போகிறது என்றால், அந்த மருந்தைத் தள்ளி எடுத்துப் போய் அழிக்க வேண்டும்.

கிடங்கை அவர் 'ஸ்டோர்' என்றார். (நான் 'குடோன்' என்று எழுதியிருந்தேன், திருத்திவிட்டார்.) சுற்றி மண் கரை இருக்கும். ஒன்று வெடித்தாலும் பக்கத்து ஸ்டோருக்குத் தாவக் கூடாது என்பதற்காக. மேலே இடிதாங்கி. வாசலிலேயே தீப்பெட்டி, பீடியை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆணி அடித்த செருப்பு கூடாது, தீப்பொறி வராத பித்தளைக் கருவிகள்தான். பெட்டிகளைத் தரையில் படாமல் கட்டை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். சூடும் ஈரப்பதமும் தினம் எழுத வேண்டும். சுற்றிப் புல் முளைத்தால் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண் உண்டு. ஒரு குண்டில் குறை தெரிந்தால், அந்த லாட் நாட்டில் எங்கே இருந்தாலும் பயன்படுத்தாமல் நிறுத்திவிடுவார்கள். கீழே நான் வரைந்த படத்தில் மண் கரையும் இடிதாங்கியும் இருக்கின்றன. இடிதாங்கி கொஞ்சம் தென்னை மரம் மாதிரி வந்துவிட்டது, மன்னிக்கவும்.

நம் பக்கம் நெய்வேலிச் சுரங்கத்திலும் நிலக்கரிக்கு மேலே இருக்கும் கெட்டியான மணற்பாறையை வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் பெரிய சக்கர இயந்திரம் தோண்டும். ஆனால் அங்கே வெடியை வாங்குவதே வெடிக்க வைக்கத்தான். ராணுவக் கிடங்கில் வெடி வருஷக்கணக்காகத் தூங்க வேண்டும்.

மகாராஷ்டிராவில் வார்தா மாவட்டத்தில் புல்காவ் என்ற ஊர் இருக்கிறது. நம் நாட்டின் மிகப் பெரிய வெடிமருந்துக் கிடங்கு அங்கேதான். 2016 மே 31 அதிகாலை, எல்லாரும் தூங்கும் நேரம், அங்கே ஒரு ஸ்டோரில் தீப் பிடித்தது. அணைக்கப் போனவர்கள் மேல் அது வெடித்தது. 19 பேர் இறந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஆர்.எஸ்.பவார், மேஜர் கே.மனோஜ் குமார் என்ற இரண்டு அதிகாரிகளும், தீயணைப்பு வீரர்களும், காவல் படையினரும் அதில் உண்டு. பழைய டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளிலிருந்து டி.என்.டி. கசிந்ததுதான் காரணம் என்று பிறகு செய்தி வந்தது. சுத்தமான டி.என்.டி. 80 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் உருகும். அதில் வேறு பொருள் கலந்திருந்தால் அதற்கும் குறைந்த சூட்டிலேயே எண்ணெய் மாதிரி கசிந்து வரும். மழைக்காலத்தில் வெல்லம் கசிகிற மாதிரி என்று பெரியப்பா சொன்னார்.

அவ்வளவு பெரிய கிடங்கில் தீ அந்த ஒரு ஸ்டோரோடு நின்றது. மற்ற ஸ்டோர்களுக்கும் பரவியிருந்தால் சுற்றியுள்ள கிராமங்கள் என்ன ஆகியிருக்கும்? அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. அன்றைக்கு டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார் என்று பெரியம்மா சொன்னார்கள்.

2018 நவம்பர் 20-ல் அதே புல்காவ் பக்கத்தில் பழைய குண்டுகளை அழிக்கும் இடத்தில் பெட்டி இறக்கும்போது வெடித்து 6 பேர் இறந்தார்கள். அவர்களில் கூலி வேலைக்கு வந்த ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களும் செய்தது இதே வேலைதானே? அவர்கள் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது? பெரியப்பாவிடம் இதற்குப் பதில் இல்லை.

இப்போது பதக்க விஷயத்துக்கு வருகிறேன். சண்டையில் காட்டும் வீரத்துக்குத் தனிப் பதக்கங்கள். நீண்ட நாள் சிறந்த பணிக்கு என்று 1960-ல் விசிஷ்ட சேவா பதக்கம் மூன்று வகுப்பாக ஏற்படுத்தி, 1967-ல் பரம விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா பதக்கங்கள் என்று பெயர் மாற்றினார்கள். முதலாவது பெரும்பாலும் ஜெனரல்களுக்குத்தான் போகும். இவை தவிர தளபதியின் பாராட்டு அட்டையும் உண்டு. இவற்றுக்கு மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். இன்ன நாள், இன்ன இடம், இன்னது செய்தார் என்று எழுதினால்தான் மேலே படிப்பவருக்குப் புரியும். சண்டை போட்டவருக்கு அப்படி எழுதிவிடலாம். பெரியப்பாவுக்கு என்ன எழுதுவது? 'இவர் தினமும் சூடு பார்த்து எழுதினார், புல் வெட்டினார், எதுவும் வெடிக்கவில்லை' என்றா? நடக்காத விபத்தை யாரும் போட்டோ எடுக்க முடியாது. அதனால்தான் வருஷங்களை எண்ணிக் கொடுக்கும் அந்தச் சின்னப் பதக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2020 ஆகஸ்ட் 4-ல் லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் 2750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வருஷக்கணக்காகச் சரியாகக் கவனிக்காமல் கிடந்தது. அதற்கப்புறம்தான் சென்னைக்குப் பக்கத்தில் 2015 முதல் கிடந்த ஏறக்குறைய 700 டன் நினைவுக்கு வந்து, அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரியில் ஏற்றினார்கள்.

பெண்களுக்கு ஒரு தகவல். 1992-ல் ராணுவம் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியபோதே தளவாடப் படையிலும் சேர்த்தது. அவர்களுக்கு நம் சென்னை பரங்கிமலையில்தான் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு வேதியியல் கொஞ்சம் வரும், ஓட்டம்தான் வராது.

எழுதி முடித்ததைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "பவார் சார் பேரைச் சரியா எழுதினியா பாப்பா?" என்று மட்டும் கேட்டு, கண்ணாடி போட்டு அந்த வரியைத் திரும்பப் பார்த்தார். "வாட்ச்மேனா" என்று கேட்ட பையனும் நம் பள்ளிதான். திங்கட்கிழமை இந்தத் தாளை எடுத்துவிடுவார்கள், அதற்குள் அவனைக் கூட்டி வந்து காட்ட வேண்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேல்பட்டாம்பாக்கம்