முதலில் டவர், அடுத்து போன், கடைசியில் விலை

என் பெற்றோர் இருப்பது திருச்சி மாவட்டம் உப்பிலியபுரம் பக்கம், கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில் ஒரு சிற்றூரில். எனக்கு வேலை சென்னையில். அவர்களுடைய போனுக்கு ரீசார்ஜ் போடுவது பல வருடங்களாக என் பொறுப்பு. ஊரிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. பணத்தை நாம் கட்டுகிறோம், திட்டத்தையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்த போன் அடிக்க வேண்டிய இடம் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சமையலறை, ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு கிணற்று மேடு. சென்னையில் உட்கார்ந்து ஆப்பில் விலையை மட்டும் பார்த்தால் அந்த இடங்கள் கண்ணில் படாது. அம்மா, அப்பாவுக்கும் சொந்தக்காரர்கள் சிலருக்கும் திட்டம் பார்த்துக் கொடுத்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நின்று பாருங்கள்

"எங்க ஊரில் எல்லா சிக்னலும் கிடைக்கும்" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது பஸ் நிறுத்தத்தில் கிடைக்கும் சிக்னலாக இருக்கும். நமக்கு வேண்டியது வீட்டுக்குள் கிடைக்கும் சிக்னல். எங்கள் ஊருக்கு மேற்கே மலை, டவர்களோ கிழக்குப் பக்கம். அதனால் கிழக்குப் பார்த்த திண்ணையில் தெளிவாகக் கேட்கும் குரல், பின்கட்டில் விட்டுவிட்டுக் கேட்கும். தகரக் கூரையும் கனத்த சுவரும் சிக்னலை இன்னும் குறைக்கும்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒரே அளவு சிக்னலுக்கு ஒரு போன் மூன்று கோடு காட்டும், இன்னொன்று இரண்டுதான் காட்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் போன் விவரம் என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டினால் பேச்சு அறுபடத் தொடங்கும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனமாகிறது என்று பொருள்.

இதற்காகப் புது சிம் வாங்கத் தேவையில்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் உறவினர்கள் வரும்போது வீட்டில் எல்லா நிறுவன சிம்மும் இருக்கும். அவர்கள் போனை வாங்கி சமையலறை, படுக்கும் இடம், கொட்டகை, கிணறு என்று ஒவ்வோர் இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒருமுறையும், ஊரே போனில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். வெறும் எண்ணோடு விடாமல், அங்கிருந்தே யாரிடமாவது சில நிமிடம் பேசியும் பாருங்கள்.

எந்தப் பகுதியில் எந்த சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ஆம் ஆண்டு விதிகளில் சொல்லியிருக்கிறது. அந்த வரைபடத்தை ஒரு நிறுவனத்தை ஒதுக்குவதற்கு நம்பலாம், தேர்ந்தெடுப்பதற்கு அது மட்டும் போதாது. உங்கள் ஊருக்கு மேல் வண்ணமே இல்லையென்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிடலாம். வண்ணம் இருந்தால், அடுத்த சோதனையை வீட்டுக்குள்தான் செய்ய வேண்டும்.

ஊரில் யாரைக் கேட்பது?

சிம் விற்பவரைவிட, சிக்னலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரியும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி சிக்னல் இல்லாமல் ஓடாது. எந்த நாளில் அது திணறுகிறது என்று விற்பனையாளருக்குத் தெரியும். விடிகாலையில் பால் ஊற்றும் சொசைட்டிக்காரர், வீடு வீடாகப் போகும் தபால்காரர், மினி பஸ் கண்டக்டர் ஆகியோரிடமும் கேளுங்கள். "எந்த கம்பெனி நல்லா இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் அவரவர் வைத்திருக்கும் கம்பெனியைச் சொல்வார்கள். "மழை பெய்யும்போது எது நிற்கிறது? கரண்ட் போனால் எது முதலில் போகிறது?" என்று கேட்டால் உபயோகமான பதில் வரும்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். டவரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரியும் ஜெனரேட்டரும் ஒழுங்காக இருக்கும் டவர், கரண்ட் போன பிறகும் பல மணி நேரம் தாங்கும். பராமரிப்பு இல்லாதது கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். புயல், மழை, நீண்ட மின்தடை போன்ற நேரங்களில்தான் பெற்றோரிடம் பேச நாம் தவிப்போம். அந்த நேரத்தில் தாங்கும் டவர் எந்த நிறுவனத்துக்கு இருக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் மட்டுமே சொல்ல முடியும்.

பட்டன் போனுக்கு எல்லா சிம்மும் பொருந்தாது

அப்பா வைத்திருப்பது பட்டன் போன். பெரிய எழுத்து, பல நாள் தாங்கும் சார்ஜ் என்று அவருக்கு அது வசதியாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் திட்டம் பார்க்கும்போது, போன் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை முதலில் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அதில் பேச, விஓஎல்டிஇ எனப்படும் 4ஜி வழிப் பேச்சு வசதி போனில் இருக்க வேண்டும். பழைய 2ஜி பட்டன் போனில் ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்கள் பேசும், ஜியோ பேசாது. வீட்டில் ஜியோ சிக்னல்தான் நன்றாக இருக்கிறது என்றால், 4ஜி பட்டன் போன் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை, 97,500க்கு மேற்பட்ட டவர்களோடு 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. குறைந்த அலைவரிசை அதிக தூரம் போகும், சுவரையும் எளிதாகத் தாண்டும். அதனால் கிராமத்துக்கு 700 நல்லது. ஆனால் அதைப் பிடிக்க போனில் பேண்ட் 28 இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை. பிஎஸ்என்எல் சிம்மே பழையதாக இருந்தால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் பிஎஸ்என்எல் நன்றாக வந்து நம் வீட்டில் வரவில்லை என்றால் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

விவசாய வீடுகளில் இன்னொரு சிம்மும் உண்டு. கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம் அது. அந்தக் கருவிகளில் பல 2ஜியில் இயங்குபவை. சிம் வாங்கும் முன் கருவியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், அல்லது பொருத்தியவரைக் கேளுங்கள். அந்த சிம்மின் வேலிடிட்டி முடிந்தால், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் ஓடாமல் வயலில் பயிர் காயும்.

விலையை நாளால் வகுத்துப் பாருங்கள்

சிக்னலும் போனும் முடிவான பிறகுதான் விலைக்கு வர வேண்டும். பேசுவதற்கும் ஓடிபி வருவதற்கும் மட்டும் போன் வைத்திருப்பவர்கள், பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்து நீண்ட காலம் பணம் கட்டிவந்தார்கள். பேச்சும் எஸ்எம்எஸ்சும் மட்டும் கொண்ட ஒரு திட்டமாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அத்தகைய திட்டத்தை அதிகபட்சம் 365 நாள்வரை தரலாம் என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் அவை விற்பனைக்கு வந்தன.

அப்போதைய விலைகளை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். 84 நாளுக்கு ஏர்டெல் 469 ரூபாய், ஜியோ 448 ரூபாய். 84 நாளால் வகுத்தால் ஏர்டெல் நாளுக்கு 5 ரூபாய் 58 காசு, ஜியோ 5 ரூபாய் 33 காசு. நீண்ட காலத் திட்டத்தில் ஏர்டெல் 1,849 ரூபாய், ஜியோ 1,748 ரூபாய். இதிலும் ஜியோதான் 101 ரூபாய் மலிவு போலத் தெரியும். ஆனால் ஏர்டெல்லின் திட்டம் 365 நாளுக்கு, ஜியோவின் திட்டம் 336 நாளுக்கு. வகுத்தால் ஏர்டெல் 5 ரூபாய் 7 காசு, ஜியோ 5 ரூபாய் 20 காசு. வரிசை மாறிவிடுகிறது. விலைகள் அடிக்கடி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. "மாதம்" என்று சொல்லப்படும் 28 நாள் திட்டத்துக்கும் இதே கணக்குதான். வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் விதி. கடையில் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவுடன் 84 நாளுக்கு ஏர்டெல் வாங்கிய விலை 859 ரூபாய். பேச்சுத் திட்டத்துக்கு மாறினால் வருடத்துக்கு 1,600 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் பேச்சுத் திட்டங்களை மட்டும் ஒப்பிட்டால், இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வருடத்துக்கு நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டியது திட்டத்தின் வகையில். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சிக்னலை வைத்து.

அம்மாவுக்குப் பேரன் முகத்தை வீடியோவில் பார்க்க வேண்டும். அவருக்குப் பேச்சுத் திட்டம் மட்டும் போதாது. ஆனால் ஊருக்குள் கேபிள்காரர் வைஃபை இணைப்பு தருகிறார் என்றால் வழி இருக்கிறது. டச் போனில் பேச்சுத் திட்டமும் வீட்டில் வைஃபையும் சேர்ந்தால் வீடியோ அழைப்பு நடக்கும். ஏர்டெல், ஜியோ போன்றவை தரும் வைஃபை காலிங் வசதியை போனில் போட்டுவிட்டால், வீட்டுக்குள் டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் சாதாரண அழைப்பே வரும், போகும்.

வருடத் திட்டத்துக்கு அவசரம் வேண்டாம்

சிக்னல் நன்றாக உள்ள நிறுவனத்துக்கு மாற எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண் மாறாமல் நிறுவனம் மாறலாம். ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அது தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடையில் ஆதாரோடு போய்க் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருந்தால்தான் அடுத்ததற்கு மாறலாம். சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் மீதமிருக்கும் வேலிடிட்டியும் பணமும் கூட வராது.

இதனால்தான், புதிதாக மாறியவர்களுக்கு நான் முதலில் 84 நாள் திட்டமே போடுகிறேன். 90 நாள் கட்டுப்பாட்டோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும். அதற்குள் சில மழையும் மின்தடையும் பார்த்துவிடலாம். வீட்டில் உள்ளவர்கள் "தெளிவா கேக்குதுப்பா" என்று சொன்ன பிறகு வருடத் திட்டம் போடலாம். சிக்னல் தொடர்ந்து மோசமென்றால் 198க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதில் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக அந்த எண் தேவை.

இரண்டு சிம் போடும் போனாக இருந்தால், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் குறைந்த செலவில் துணைக்கு வைக்கலாம். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம் என்பதும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பதும் 2013ஆம் ஆண்டு டிராய் விதி. அதில் எண் தங்கும், பேசுவதற்குத் தனியே திட்டம் வேண்டும். வங்கிக் கணக்கு, கேஸ், மகளிர் உரிமைத் தொகை எல்லாம் எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த எண்ணின் வேலிடிட்டி ஒருநாளும் விடுபடக் கூடாது. திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று வந்தாலும் 112ஐ அழைத்துப் பார்க்கலாம் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வேறு நிறுவன டவர் வழியாக அது போகக்கூடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதற்கு ஒரு பொழுதை ஒதுக்குங்கள். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடம் பேசுகிறார்கள், எங்கே இருக்கும்போது போன் வருகிறது, டேட்டா வேண்டுமா என்று கேட்டு முடிவெடுங்கள். திட்டத்தின் பெயர், முடியும் தேதி, புகார் எண் 198 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நாம் ரீசார்ஜ் போட மறந்தாலும், என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.