இரண்டாம் செமஸ்டர் திறக்கும் முன்

தஞ்சாவூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். பரீட்சை முடிந்து ஊருக்கு வந்துவிட்டாய் என்று உங்கம்மா சொன்னாள். கணக்குத் தாள்களை நன்றாக எழுதியிருக்கிறாயாம். இங்கிலீஷை நினைத்தால்தான் பயமாம். போனில் சொன்னால் "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

டிசம்பரில் தொடங்கும் செமஸ்டர் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொல்லாதது. திறந்த கையோடு பொங்கல் வரும். தை பிறந்ததும் சம்பா அறுப்பு, அதன் பின்னாலேயே தாளடி. அறுக்க மிஷின் வந்துவிட்டாலும் வீட்டு வேலை குறையவில்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயவைத்து, முறை வருகிறவரை யாராவது காவல் கிடக்க வேண்டும். உங்கப்பா களத்தில் இருப்பார், உங்கம்மா மாட்டையும் வீட்டையும் பார்ப்பாள், சோற்றுத் தூக்கோடு நீ போவாய். ஒரு நாள்தானே என்று தொடங்கும்.

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள். 75 சதவீத வருகைக்கு 68 நாள் போய்த்தான் ஆக வேண்டும். மீதம் 22 நாள். கணக்குப் படிக்கிறவளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த 22 நாளும் காய்ச்சலுக்கும் மழைக்கும் நல்லது கெட்டதுக்கும் உரியவை. தை மாதத்திலேயே தீர்த்துவிட்டால் மார்ச்சில் கையில் ஒன்றும் இருக்காது.

இனி இங்கிலீஷ். பிடிக்காததைப் படிக்காதே, கணக்கிலேயே முழுகு, ராமானுஜன் அப்படித்தான் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். நம்பாதே. கும்பகோணத்தில் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள். அவர் 1904-இல் அங்கே அரசு கல்லூரியில் சேர்ந்தார், உதவித்தொகையோடு. (உ.வே.சாமிநாதையர் அதே கல்லூரியில் 1880 முதல் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1903-இல்தான் சென்னைக்குப் போயிருந்தார். அந்த இரண்டு பேரும் ஒரு வருஷ வித்தியாசத்தில் சந்திக்காமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கும்.) ராமானுஜனின் அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா; மாதம் 20 ரூபாய் போலச் சம்பளம். கல்லூரிக் கட்டணமோ பருவத்துக்கு 32 ரூபாய். இங்கிலீஷில் தேறாததால் உதவித்தொகை போனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913-இல். இடையில் கிடந்த வருஷங்களில் பட்டம் இல்லை, பெரும்பாலும் வேலை இல்லை, சாப்பாட்டுக்கே கஷ்டம். அவர் மேதை, அதனால் மீண்டு வந்தார் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் அந்த 32 ரூபாய் என்னவாக இருந்திருக்கும் என்று நம்மைப் போன்ற வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே கல்லூரி திறக்கும் முன்பே இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை வாங்கிவிடு. முதல் இரண்டு பாடத்தை அகராதி வைத்துக்கொண்டு படி. தினமும் காலையில் மனசு தெளிவாக இருக்கிற முதல் மணி நேரத்தை இங்கிலீஷுக்குக் கொடு. கணக்கை ராத்திரி வைத்துக்கொள், அதை நீ தூக்கத்திலும் போடுவாய். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கையால் அரைப் பக்கம் எழுதிப் பார். தப்பு வந்தால் வரட்டும். அதை எடுத்துக்கொண்டு போய் இங்கிலீஷ் மேடத்திடம் காட்டு. கேட்டு வரும் பிள்ளையை விரட்டுகிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், பழைய வினாத்தாள் கட்டைத் தேடி எல்லாரும் கடைசி வாரத்தில்தான் வருவார்கள். நீ முதல் வாரமே போய் எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்துவிடு. எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வகுப்பில் எங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். இன்டெர்னல் 25 மார்க்கை லேசாக விடாதே. அசைன்மென்ட் கொடுத்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு.

பணம். பரீட்சைக் கட்டணம் கட்டும் நேரத்தில் நெல் போட்ட பணம் வந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீ அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கில் விழுகிறது. அதில் கட்டணத்துக்கு வேண்டியதை ஜனவரியிலிருந்தே தொடாமல் வை. உங்கம்மா கேட்டால்கூட பெரியம்மா சொன்னாள் என்று சொல். கணக்கில் பணம் ஒழுங்காக வருகிறதா என்று பாஸ் புக்கை ஒரு தடவை பதிந்து பார்த்துக்கொள். வராமல் இருந்தால் கல்லூரியில் அந்தத் திட்டத்தைப் பார்க்கிற மேடத்திடம் உடனே சொல்.

டைம் டேபிள் கொடுத்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அறுப்புச் சமயத்தில் உன்னை வகுப்பு இல்லாத நாளில் மட்டும் கூப்பிடச் சொல்லி உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வேறு ஆள் இல்லையென்றால் அந்த வாரம் நான் வந்து ஊரில் இருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா