தளத்தின் சாவி யார் கையில்?

இணையத் தளம் அமைத்துக் கொடுக்கும் சிறு தொழிலை நம் மாணவர் சிலர் மேற்கொண்டுள்ளனர். படிப்புச் செலவுக்கு அது உதவுகிறது. ஆனால், தளம் அமைப்பது ஒரு வாரத்து வேலை. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது பல்லாண்டு வேலை. இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை. அதனால் நேர்ந்த பிழையை முதலில் கூறிவிடுகிறேன்.

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் எங்கள் பகுதி. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள தமிழ் மக்களுள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். பிள்ளைகளின் படிப்புக்குத் துணையாகப் படிப்பகத்தார் சிலர் ஞாயிறுதோறும் இலவச வகுப்பு நடத்திவந்தனர். அவர்களுக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். ஐந்தே பக்கங்கள், எல்லாம் எச்.டி.எம்.எல். குறிகளை இட்டு நானே எழுதியவை. ஒருமுறை வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். செயலாளர் தொலைபேசியில் சொன்னார். எனக்கோ தேர்வு நேரம், மறந்துவிட்டேன். அந்த ஞாயிறன்று பங்காருப்பேட்டையிலிருந்து பிள்ளைகள் சிலர் தளத்தை நம்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினர்.

“அந்த ஒரு வரிய நானே மாத்த முடிஞ்சிருந்தா இது வந்திருக்காதே, தம்பி” என்றார் செயலாளர். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி அவர். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கேட்டதற்குத்தான் உள்ளடக்க மேலாண்மை முறைமை என்று பெயர். பெயர் நீளமே தவிரக் கருத்து எளியது. செய்தி வேறு, அது தோன்றும் வடிவம் வேறு. கையால் எழுதிய பக்கத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கும். நாளை மாற்றப் போய் ஒரு குறியை அழித்துவிட்டால் பக்கமே குலைந்துபோகும். முறைமையிலோ செய்தி தரவுத்தளத்தில் இருக்கும். வடிவம் வார்ப்புருவில் இருக்கும். படிப்பவர் பக்கத்தைக் கேட்கும்போது நிரல் இரண்டையும் இணைத்து அனுப்பும். செயலாளர் கடவுச்சொல் இட்டு உள்ளே சென்று, கடிதம் எழுதுவதுபோல் எழுதி, ‘வெளியிடு’ என்பதை அழுத்தினால் போதும்.

எதனைத் தேர்வது? கட்டற்ற மென்பொருள்களிலேயே பல உள. பெல்ஜிய நாட்டு டிரீஸ் பைட்டார்ட் 2001இல் வெளியிட்ட டுரூபல், பலவகைச் செய்திகளைக் கொண்ட பெருந்தளங்களுக்கு ஏற்றது; அதன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட எங்கள் ஐந்து பக்கத்துக்கு வேண்டியதில்லை. ஜூம்லா 2005இல் மாம்போ என்பதிலிருந்து பிரிந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைக் கொண்டே, ஈழத்துத் தமிழ் நூல்களைத் திரட்டும் நூலகம் தளமும் நடைபெறுகிறது. பலர் கூடி எழுதும் பணிக்கு அது மிக நன்று. ஆனால், இந்தப் பக்கத்தை இன்னார் மட்டுமே பார்க்கலாம் என்று தடுப்பதற்கு அது அமைக்கப்பட்டதன்று. மாணவர் பட்டியலை மறைவாக வைக்க விரும்பிய எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் மிகப் பரவலானது. உலகத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதன்மேல் நிற்கின்றன. நானில்லாத நாளிலும் உதவ ஒருவர் கிடைப்பார் என்பதால் அதனைக் கொண்டேன்.

முடிவு செய்யுமுன் ஒரு சோதனை நடத்தினேன். செயலாளரிடம் ஓர் அறிவிப்பைக் கொடுத்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் பழைய கணினிக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினார். வந்ததோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல்! ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு அது. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய கோப்புகள் வீடுதோறும் கிடக்கின்றன. எழுத்துருமாற்றி ஒன்றைக் காட்டியபின் கோப்பு சரியாயிற்று. புதிய செய்திகளைக் கைப்பேசியிலேயே தமிழில் எழுதிக்கொள்கிறார். இந்த இடரை மென்பொருள் ஒப்பீட்டுப் பட்டியல் எதுவும் எனக்குக் காட்டியிருக்காது.

வேர்ட்பிரஸில் நிர்வாகி, பதிப்பாசிரியர் எனப் படிநிலைகள் உண்டு. செயலாளருக்குப் பதிப்பாசிரியர் நிலையே கொடுத்தேன். எழுதலாம், திருத்தலாம், செருகுநிரல்களைத் தொட இயலாது. காரணம் உண்டு. தளத்துக்குள் தீயோர் புகும் வழி பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத செருகுநிரலே. ஆகவே, மூன்றே செருகுநிரல்களோடு நிறுத்தினேன். தளப்பெயரும் வழங்கிக் கணக்கும் படிப்பகத்தின் பெயரில் இருக்கின்றன. நிர்வாகி கடவுச்சொல்லும் உறையிலிட்டு அவர்கள் அலமாரியில் இருக்கிறது. தளப்பெயரைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு வேலைக்கு வெளியூர் சென்றுவிடும் நண்பர்கள் இதனைக் கருதவேண்டும். பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வசதி அதில் உண்டு; மாதம் ஒருமுறை எடுத்துவைக்கிறோம்.

என்றும் மாறாத பக்கங்களுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. அவற்றுக்குக் கையால் எழுதிய பக்கமே பாதுகாப்பானது, விரைவானது. நாளும் நேரமும் மாறும் இடத்தில்தான் இந்தப் பாடு.

சென்ற மாதம் வகுப்பு நேரம் மீண்டும் மாறியது. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. இரவு தளத்தைத் திறந்தபோது புதிய நேரம் அங்கே இருந்தது. திருத்த வரலாற்றைப் பார்த்தேன். முதலில் ‘சனிகிழமை’ என்று எழுதி, நான்கு நிமிடம் கழித்து ஒற்றைச் சேர்த்திருந்தார்.