ஈரம் ஏறாத அத்திவாரம்

வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கு மண்கல் வீடு கட்டும் குடும்பங்கள் சுவரைப் பற்றி யோசிக்குமுன் அத்திவாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும். சீமெந்து கலந்து அழுத்திய கல்லும் இதற்கு விலக்கல்ல. அடி இளகினால் சுவர் கூரையைத் தாங்காது.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் இடத்தைப் பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களே மண்ணில் புதைந்தன. எந்த அத்திவாரமும் நகரும் மலையை நிறுத்தாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவோம்.

2. உறுதியான மண் வரை தோண்டி, கருங்கல்லைச் சீமெந்துச் சாந்தில் கட்டுவோம். தெறிக்கும் மழைநீர் மண்கல்லைத் தொடாதபடி அது நிலத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது உயரட்டும்.

3. அதன்மேல் முக்கால் அங்குலச் சீமெந்துச் சாந்து பரப்பி, காய்ந்தபின் சூடான தார் பூசி மணல் தூவுவோம். ஓரிடத்தில் இடைவெளி விட்டாலும் ஈரம் அவ்வழியே ஏறும்.

4. மேட்டுப்பக்கம் கான் வெட்டி நீரைத் திருப்புவோம். கூரை இரண்டடி வெளியே நீளட்டும்.

செலவைக் குறைக்க வேண்டுமாயின் அறையின் அளவைக் குறைப்போம். அத்திவாரத்தில் குறைக்க வேண்டாம்.

கூடிச் சிந்திப்போம்: நம் வீட்டுக்கு மேலே பெய்யும் மழைநீர் எவ்வழியாக இறங்குகிறது?